பூலவோக் பாட்டின் பிறப்பு

அயர்லாந்து நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நம் பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டுப் பாட்டொன்றின் ஒலிப்பதிவை நமக்குக் கேட்கத் தந்தார். ‘பூலவோக்’ என்பது பாட்டின் பெயர். உருக்கமான மெட்டு; நிதானமான நடை. பாடி முடிந்ததும் அவர், “ஹஜ்ரத், இது 1798ஆம் ஆண்டில் போரிட்டவர்களே பாடியதாம். இருநூறு ஆண்டுகளாக வாய்வழியாய் வருகிறதாம். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றார். “யார் வாய்வழியாய்?” என்று கேட்டோம். அவரிடம் விடையில்லை. அந்த விடையைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

பாட்டின் பொருளை முதலில் சொல்லிவிடுவோம். அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் வெக்ஸ்போர்டு என்றொரு மாவட்டம். அதில் பூலவோக் ஒரு சிற்றூர். மே மாதத்து மாலைப்பொழுதில் தீ மூட்டிச் சைகை செய்யப்படுகிறது. அண்டை அயல் ஊரார் வந்து கூடுகின்றனர். ஜான் மர்பி என்னும் பாதிரியார் அவர்களை நடத்திச் செல்கிறார். ஆங்கில அரசின் படைகளை ஊர் ஊராக வெல்கின்றனர். முடிவில் வினிகர் குன்றில் தோல்வி. பாதிரியார் பிடிபட்டுக் கொல்லப்படுகிறார். அவருக்கும் அவருடைய வீரர்களுக்கும் இறைவனிடம் நற்பேறு வேண்டிப் பாட்டு நிறைவுறுகிறது. இடையில் பாடுவோன் ‘நாம்’ என்று தன்னையும் போர்க்களத்தில் சேர்த்துக்கொள்கிறான். கேட்பவர் நெஞ்சில் ‘இவன் கண்டவன், களத்தில் நின்றவன்’ என்னும் நம்பிக்கையை ஊன்றுவது அந்த ஒரு சொல்லே.

பாட்டு கூறும் நிகழ்ச்சி கற்பனையன்று. மர்பி பாதிரியார் மெய்யாகவே வாழ்ந்தவர். 1753ஆம் ஆண்டையொட்டி வெக்ஸ்போர்டு மாவட்டத்தில் பிறந்தார். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் சமயக் கல்வி கற்று, 1785இல் ஊர் திரும்பித் துணைப் பாதிரியாராகப் பணி செய்தார். கிளர்ச்சிக்கு முன்பு தம் மக்களிடம் ஆயுதங்களை ஒப்படைத்துவிடுமாறு அறிவுரை கூறியவரும் அவரே. 1798 மே 26 மாலையில் ஹாரோ என்னுமிடத்தில் உள்ளூர்க் குதிரைப்படையோடு கைகலப்பு மூண்டது. புக்கி என்னும் படைத்தலைவன் மாண்டான். மறுநாள் ஊலர்ட் குன்றில் ‘வடகார்க்’ படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வந்தனர். உயிர் தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மே 28இல் எனிஸ்கார்த்தியும், மே 30இல் வெக்ஸ்போர்டு நகரும் கிளர்ச்சிக்காரர் கைக்கு வந்தன. ஜூன் 5இல் நியூ ராஸிலும், 9இல் ஆர்க்லோவிலும் அவர்கள் தோற்றனர். ஜூன் 21இல் ஜெனரல் லேக், பதினாயிரத்துக்கு மேற்பட்ட படையோடும் பீரங்கிகளோடும் வினிகர் குன்றை வளைத்தார். தப்பிச் சென்ற மர்பி பாதிரியார், அடுத்த மாவட்டமாகிய கார்லோவில் பிடிபட்டு, டல்லோ என்னும் ஊரில் ஜூலைத் தொடக்கத்தில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தலை கொய்யப்பட்டது. உடல் தார்ப்பீப்பாயில் இட்டு எரிக்கப்பட்டது.

நிகழ்ச்சி மெய். அப்படியானால் பாட்டும் அக்காலத்ததுதானா? அன்று.

பாட்டை இயற்றியவர் பி. ஜே. மக்கால் என்பவர். பிறந்தது 1861இல், அதாவது மர்பி பாதிரியார் இறந்து 63 ஆண்டுகள் கழித்து. பிறந்த ஊர் டப்ளின் தலைநகர். தந்தையார் மதுக்கடை நடத்தியவர், பழம்பாடல்களில் நாட்டமுடையவர். தாயார் வெக்ஸ்போர்டு மண்ணைச் சேர்ந்தவர். தாய்வழி உறவினர் ஊருக்குச் சென்று வந்த நாள்களில் அங்குள்ள முதியோர் வாய்ப்பாடல்களை மக்கால் செவிமடுத்தார், குறித்தும் வைத்தார். 1898இல், கிளர்ச்சியின் நூற்றாண்டு நிறைவையொட்டி, இப்பாட்டை எழுதி வெளியிட்டார். முதலில் அது மர்பி பாதிரியாரின் பெயரையே தலைப்பாகக் கொண்டிருந்தது. ‘பூலவோக்’ என்னும் பெயர் பின்னரே நிலைபெற்றது. இன்று அது பாடப்படும் மெட்டு ‘யோல் துறைமுகம்’ என்னும் பழைய ஐரிஷ் மெட்டு. சொல்லைவிட இசை மூத்தது. பழைய ஏனத்தில் வார்த்த புதிய பாலைப் பழம்பால் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆயினும் மக்கால் அனைத்தையும் தாமே படைத்தவரல்லர். கிளர்ச்சிக் காலத்தையொட்டி எழுந்த தெருப்பாடல் ஒன்று மர்பி பாதிரியாரைப் பற்றி முன்பே வழங்கிவந்தது. வீரர்களையும் பெருமக்களையும் விளித்துத் தொடங்குவது; நீண்டு நடப்பது; சந்தையிலே பாடி விற்கும் ஒற்றைத்தாள் பாட்டின் இயல்பு கொண்டது. அதிலிருந்து சில கருத்துகளையும் சொல்லமைப்புகளையும் மக்கால் எடுத்தாண்டார். கரடுமுரடானதை இழைத்தார், நீண்டதைச் சுருக்கினார், ஊர்ப்பெயர்களை அணிவகுத்தார். ஆகவே இப்பாட்டுக்குப் பிறப்பு இரண்டு. வேர் 1798இல் இருக்கிறது. மரம் 1898இல் வளர்ந்தது. இன்று நாம் காண்பது மரத்தையே.

இதைப் பாட்டின் உள்ளிருந்தே காட்டவும் முடியும். அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இந்த முறை புதிதன்று. பண்டை அரபுக் கவிதைகள் ராவி எனப்படும் அறிவிப்பாளர் நாவினாலேயே காக்கப்பட்டு வந்தன. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ, பழம்பாடல்களைத் திரட்டியவர்களுள் முன்னோடியான ஹம்மாதையே நம்பத்தகாதவர் என்றார்; ஒருவர் கவிதையை மற்றொருவர் பெயரில் சொல்வார், தாமே கூட்டியும் உரைப்பார் என்று குற்றஞ்சாட்டினார். அறிவித்தவர் யார் என்று கேள். அறிவிக்கப்பட்டது தன்னோடு தான் பொருந்துகிறதா என்று பார். இந்த இரண்டு வினாக்களையும் பூலவோக் பாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். முதல் வினாவுக்கு விடை கண்டோம். இரண்டாவதற்கு மூன்று சான்றுகள் உள.

முதலாவது, நாள் வரிசை. பாட்டில் பாலியெல்லிஸ் வெற்றி முன்னும், வினிகர் குன்றின் தோல்வி பின்னும் வருகின்றன. நடந்தது தலைகீழ். வினிகர் குன்று ஜூன் 21. பாலியெல்லிஸ் ஜூன் 30. தோற்றுச் சிதறியவர்களுள் ஒரு பிரிவினர், வடக்கே விக்லோ எல்லையில், ஒன்பது நாள் கழித்துப் பெற்ற வெற்றி அது. மர்பி பாதிரியாருக்கு அதில் பங்கில்லை. களத்தில் நின்றவன் இதை மாற்றிச் சொல்லான். தோல்விக்குப் பின் வெற்றியை வைத்தால் துயரத்தின் ஏற்றம் தளரும் என்று கருதிய கவிஞனே மாற்றுவான்.

இரண்டாவது, ஆள் அடையாளம். அவ்விடத்தில் வீழ்ந்தவர்களைப் பாட்டு ஜெர்மானியக் கூலிப்படையினராகக் காட்டுகிறது. அத்தகைய படையினர் சிலர் வெக்ஸ்போர்டுக்கு வந்ததுண்டு. ஆனால் பாலியெல்லிஸில் மாண்டோர் பெரும்பாலும் ‘பண்டைப் பிரிட்டானியர்’ என்று பெயர் சூட்டப்பட்ட வேல்ஸ் நாட்டுக் குதிரைப்படையினர். அவர்தம் கொடுமையை நேரிற் பட்ட மக்கள் அவர்களை வேறொருவராக மயங்கியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பாதிரியாரின் முடிவு. உடலை எரித்ததாகப் பாட்டுச் சொல்வது உண்மை. எரித்ததற்குப் பயன்பட்டது தார்ப்பீப்பாய். பாட்டிலோ பண்டைக்காலத்து வதைக்கருவி ஒன்று வருகிறது. அடியின் இறுதியில் இயைபு வேண்டியிருந்தது; கருவி மாறிவிட்டது.

இவை சிறு பிழைகள். இவற்றைக் காட்டி ஒரு நல்ல பாட்டைத் தள்ளிவிட நாம் விழையவில்லை. கவிதை நாட்குறிப்பன்று என்பதை அறிவோம். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு: 1798ஐப் பாட வந்த 1898, எவற்றைக் கையிலெடுத்தது? எவற்றைக் கீழே விட்டது?

1898இல் அயர்லாந்தின் நிலை எவ்வாறிருந்தது? அந்நாட்டு மக்கள் பெரிதும் போற்றிய அரசியல் தலைவர் பார்னெல் 1891இல் இறந்தார். அதற்குமுன்பே அவருடைய கட்சி பிளவுண்டது. பிளவு நூற்றாண்டு விழா நாளிலும் ஆறவில்லை. பிணங்கிக் கிடந்தவர்களை ஒரே ஊர்வலத்தில் நடக்கச் செய்ய, இறந்தவர்களின் நினைவு ஒன்றே பயன்பட்டது. கையில் நீண்ட ஈட்டியேந்திய வீரர் சிலைகள் எழலாயின. கவனா என்னும் பிரான்சிஸ்கன் பாதிரியார் 1870இல் எழுதிய கிளர்ச்சி வரலாறு, விழாவையொட்டி மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. வெக்ஸ்போர்டு மக்கள் அமைதியானவர்கள். இரகசியச் சங்கம் எதுவும் அவர்களை இயக்கவில்லை. கொடுமை பொறாது எழுந்தனர். பாதிரியார்கள் வழிநடத்தினர் என்பது அந்நூலின் பார்வை. மக்காலின் பாட்டு அந்தப் பார்வைக்கு இசை வடிவம். எனிஸ்கார்த்திச் சந்தைத் திடலில் 1908இல் மர்பி பாதிரியாருக்குச் சிலை எழுந்தபோது, அது அப்பார்வையின் உலோக வடிவமாயிற்று.

வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. ‘ஐக்கிய ஐரிஷ்காரர்’ என்னும் சங்கம் 1791இல் பெல்பாஸ்ட் நகரில் தோன்றியது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், பிரஸ்பிட்டேரியர் ஆகிய மூவரும் ஒரே நாட்டினராய் எழவேண்டும் என்பது அதன் குறிக்கோள். வெக்ஸ்போர்டிலும் அச்சங்கம் வேரூன்றியிருந்தது என்பதை லூயிஸ் கல்லன், கெவின் வீலன் முதலான பிற்கால ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். கிளர்ச்சிப் படையின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட பேகனல் ஹார்வி, நிலவுடைமையாளரான ஒரு புராட்டஸ்டண்டு. வெக்ஸ்போர்டு நகரின் ஆளுநராக அமர்த்தப்பட்ட மாத்யூ கியூவும் அவ்வாறே. இருவரும் வெக்ஸ்போர்டுப் பாலத்தில் தூக்கிலிடப்பட்டனர். ஒரே இலட்சியத்துக்காகப் பாதிரியாரைப்போலவே உயிர் தந்த இவர்களுக்குப் பூலவோக் பாட்டில் ஓரடியும் இல்லை.

இது முதற்குறை. இரண்டாங்குறை இதனினும் கனமானது.

ஜூன் 5ஆம் நாள் நியூ ராஸில் கிளர்ச்சிப்படை கடும் இழப்போடு தோற்றுக்கொண்டிருந்த வேளையில், சில கல் தொலைவில் ஸ்கல்லபோக் என்னுமிடத்தில் ஒரு தானியக் களஞ்சியம் தீக்கிரையானது. அதனுள்ளே கிளர்ச்சிக்காரர் சிறைப்படுத்திய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இறந்தோர் நூற்றுக்கு மேல். பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கரும் சிலர். செய்தியறிந்த ஹார்வி மனமுடைந்தார். இனிக் கொலை புரிவோர்க்கு மரண தண்டனை என்று ஆணை பிறப்பித்தார். சில நாள்களில் தலைமை அவரிடமிருந்து போயிற்று. ஜூன் 20இல் வெக்ஸ்போர்டுப் பாலத்தின்மேல் மேலும் பல கைதிகள் ஈட்டியால் குத்தி ஆற்றில் வீழ்த்தப்பட்டனர்.

எதிர்ப்பக்கத்தின் கை தூய்மையாயிருந்தது என்று எவரும் எண்ணவேண்டா. மே 24இல் டன்லேவினிலும், 25இல் வெக்ஸ்போர்டு எல்லையை அடுத்த கார்னியூவிலும், கைதிகள் விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். தலையில் கொதிக்கும் தாரை ஊற்றித் தோலோடு பிய்த்தெடுக்கும் வதை அந்நாளைய படையினர் கையாண்டதே. வினிகர் குன்று வீழ்ந்த அன்று எனிஸ்கார்த்தியில் காயமுற்ற கிளர்ச்சிக்காரர் கிடந்த மனை, உள்ளிருந்தவர்களோடு கொளுத்தப்பட்டது. அச்சமும் பழியுணர்ச்சியும் இருபுறமும் மூண்ட கோடை அது.

ஆனால் எதிரியின் தீயைப் பாடி, தன்னவர் இட்ட தீயை மறைப்பது நீதியாகுமா? பகைவன் கொடுமையைச் சொல்ல ஆயிரம் நாக்கு உண்டு. தன் கூட்டத்தார் கொடுமையைச் சொல்ல ஒரு நாக்கு எழுவதே அரிது. பூலவோக் பாட்டில் அந்த நாக்கு எழவில்லை. எழாததற்குக் காரணம், அது போரின் நடுவே பிறந்த பாட்டு அன்று என்பதே என நாம் கருதுகிறோம். தீயைக் கண்டவன் அதை மறக்க முயன்றாலும் அவன் குரலில் எங்கோ ஒரு நடுக்கம் இருக்கும். நூறாண்டு தொலைவில் நின்றவனுக்கு மே மாதத்து மாலையும் பசும்புல்லும் தெரிந்தன; களஞ்சியத்தின் புகை தெரியவில்லை. விழா எடுப்போர்க்கு அது தேவைப்படவும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘ஒரு பாட்டு எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? ஒரு பாதிரியாரைப் பாட வந்தவர் அவரைப் பாடினார். ஸ்கல்லபோக்கில் மர்பி பாதிரியார் இருக்கவுமில்லையே’ என்பர். மெய்தான், அன்று அவர் வடபுறத்துப் படையோடு இருந்தார். மக்கால் அவர்மீது பொய் ஏற்றவில்லை. பாட்டின் கட்டுக்கோப்பையும் நாம் மதிக்கிறோம். ஊர்ப்பெயர்களை அடுக்கியே ஒரு படையெடுப்பைக் கண்முன் நடத்திக் காட்டுவது எளிய கலையன்று. வெளிநாட்டு உதவி வந்திருந்தால் என்று ஏங்கும் இடமும் வரலாற்றோடு பொருந்துவதே. ஹம்பர்ட் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பிரெஞ்சுப் படைவீரர் மேற்குக் கரையில் இறங்கியது ஆகஸ்டு 22இல், எல்லாம் முடிந்த பிறகே.

நம் குற்றச்சாட்டு கவிஞர்மேல் அன்று. பாட்டைச் சாட்சியாக ஏற்றிவிட்ட கேட்போர்மேல். ‘களத்தில் நின்றவர் பாடியது’ என்று நம்பும்போது, பாட்டில் இல்லாதது நடக்கவேயில்லை என்றும் நம்பிவிடுகிறோம். ஹார்வி மறைகிறார், களஞ்சியம் மறைகிறது, மூன்று பிரிவினரும் ஒன்றாய் எழ விழைந்த ஒரு முயற்சி, ஒரு சமயத்தாரின் கதையாகக் குறுகிவிடுகிறது. ‘1898இல் ஒருவர் எழுதியது’ என்று தெரிந்துகொண்டால் அதே பாட்டு நமக்கு இருமடங்கு சொல்லும்: 1798இல் நடந்தவற்றுள் ஒரு பகுதியையும், 1898இல் மக்கள் விரும்பியதையும். பாட்டின் முடிவில், அன்று அழைத்த இலட்சியம் நாளையும் அழைக்கக்கூடும் என்னும் குறிப்பு வருகிறது. அந்த ‘நாளை’ 1798இன் நாளையன்று, மக்காலின் நாளை. 1916 ஏப்ரலில் டப்ளினில் எழுச்சி வெடித்தபோது, தலைநகருக்கு வெளியே எழுந்த சில ஊர்களுள் எனிஸ்கார்த்தியும் ஒன்று.

பூலவோக் தனித்த எடுத்துக்காட்டும் அன்று. 1798ஐப் பற்றிப் பெரிதும் பாடப்படும் பாடல்கள் பலவற்றின் பிறப்பு இத்தகையதே. அவ்வாண்டைப் பேச அஞ்சுவோரை நோக்கி வினவும் புகழ்பெற்ற பாட்டை 1843இல் எழுதியவர் ஜான் கெல்ஸ் இங்ரம் என்னும் கல்லூரி மாணவர்; பெயரின்றி ‘நேஷன்’ இதழில் வந்தது. போலிப் பாதிரியாரிடம் பாவ மன்னிப்புக் கேட்டு அகப்படும் இளைஞனைப் பற்றிய பாட்டும் அதே இதழில் 1845இல் வந்தது. மக்காலே, 1580இல் நடந்த கிளென்மலூர் போரைப் பற்றி மூன்று நூற்றாண்டு கழித்து ஒரு பாட்டுக் கட்டினார். அதையும் அக்காலத்ததென்றே பலர் நம்பினர். ஒரு நாட்டார் தம் முன்னோர்க்குப் பின்னாளில் வாய் கொடுத்திருக்கின்றனர். கொடுத்தது அன்பினால். ஆயினும் அந்த வாய் முன்னோருடையதன்று என்பதை அறிந்து கேட்பதே அறிவுடைமை.

ஸ்கல்லபோக்கில் மாண்டோர்க்கு 1998இல், நிகழ்ச்சியின் இருநூறாவது ஆண்டில், பழைய ராஸ் தேவாலய முற்றத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஜான் மர்பிக்குப் பூலவோக் பாட்டுக் கிடைக்க நூறாண்டு ஆயிற்று. களஞ்சியத்தில் எரிந்தவர்களுக்கு ஒரு கல் கிடைக்க இருநூறாண்டு ஆயிற்று. மாணவரிடம் இவ்வளவையும் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்த அவர், “அப்படியானால் இதை இனிக் கேட்க வேண்டாமா, ஹஜ்ரத்?” என்று வினவினார்.

“கேளுங்கள்” என்றோம். “பாட்டு முடிந்ததும் அந்தக் கல்லையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.”